கம்பஸா, தாதியர் பயிற்சியா? மகளுக்கு எதைச் சொல்வது

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தகப்பன், 4 மே 2025

மகள் 2024 உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினவள். பெறுபேறு வந்துவிட்டது. ஒரு பி, இரண்டு சி. மருத்துவம் கிடைக்காது என்று தெரியும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம் கிடைக்கலாம் என்று ரியூசன் மாஸ்டர் சொல்கிறார். ரவுனில் ஒரு தனியார் நிறுவனம் ஒன்றரை வருட நேர்சிங் டிப்ளோமா என்று நோட்டீஸ் கொடுத்தது. மூன்றரை இலட்சம், தவணையில் கட்டலாமாம். என் தமக்கை அரசாங்கத் தாதியர் பயிற்சிக்குக் காத்திருக்கச் சொல்கிறா. நான் வயல் செய்கிறவன். பட்டமா, கையில் ஒரு தொழிலா? பிழைத்துப்போனால் பிள்ளையின் நாலு வருடம் போய்விடும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 மே, இரவு

அண்ணை, நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தர். உங்கள் மகள் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். எனக்கு உயிரியல் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு இடம் வந்தது, தாதியர் கல்லூரிக்கும் பெயர் வந்தது. நான் தாதியர் கல்லூரிக்குப் போனேன். வீட்டில் அப்பா இல்லை. பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து மாதக் கொடுப்பனவு கிடைக்கும் என்றபடியால் யோசிக்க அதிகம் இருக்கவில்லை. என் தங்கை கம்பஸுக்குப் போனாள். ஆகவே இரண்டு வழியும் ஒரே வீட்டுக்குள் நடந்தது.

முதலில் அந்த நோட்டீஸை மடித்து ஒரு பக்கம் வையுங்கள். காசு ஒன்றும் கட்ட வேண்டாம். ஏன் என்று நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

5 மே

ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: "பட்டம் பட்டம்தான், நேர்ஸ் வேலை எப்போதும் செய்யலாம்." எப்போதும் செய்ய முடியாது. அரச தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில்தான் அழைப்பு வரும். எந்த ஆண்டு உயர்தரம் எழுதியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அதில் குறித்திருப்பார்கள், வயதெல்லையும் இருக்கும். அழைப்பு வருடாவருடம் ஒழுங்காக வருவதில்லை, பின்தங்கித்தான் வரும். உங்கள் ஆண்டுக்கான அழைப்பைத் தவறவிட்டால் அடுத்ததில் உங்களுக்கு இடம் இல்லாமல் போகலாம்.

பட்டத்தைத்தான் பிறகு எடுக்கலாம். நான் நியமனம் கிடைத்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டத்துக்குப் பதிந்தேன். பதிவுபெற்ற தாதியர் வேலை செய்துகொண்டே படிக்கவென்று அங்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். இரவுக் கடமை முடித்து விட்டு பஸ்ஸில் பாடக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு போன நாட்கள் பல. கடினம், ஆனால் கையில் சம்பளம் இருந்தது, எவரிடமும் கேட்கவில்லை.

6 மே

நோட்டீஸ் பற்றி.

சுகாதாரத் துறையில் ஒரு படிப்பைப் பார்க்கும்போது டிப்ளோமாவா, டிகிரியா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, படித்து முடித்த பின் உங்கள் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பது. தாதி என்றால் இலங்கைத் தாதியர் சபை. மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர், மருத்துவிச்சி என்றால் இலங்கை மருத்துவச் சபை. இந்த இரண்டில் ஒன்றில் பெயர் ஏறாவிட்டால் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லி வேலை செய்ய முடியாது. சுவரில் மாட்டக்கூடிய அழகான சான்றிதழ் தருவார்கள், பட்டமளிப்பு உடுப்பில் படமும் எடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் அரச வைத்தியசாலையில் தாதியாகச் சேர முடியாது. வெளிநாட்டில் தாதியாகப் பதியவும் முடியாது.

நிறுவனத்துக்குப் போய் வாயால் கேட்க வேண்டாம், "எல்லாம் அங்கீகாரம் உள்ளதுதான்" என்பார்கள். எழுத்தில் கேளுங்கள்: இந்தப் படிப்பை முடித்தவர் தாதியர் சபையில் பதியலாமா? ஆம் என்று கடிதத்தலைப்பில் எழுதி, முத்திரை குத்தித் தரட்டும். தராவிட்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

அவர்கள் காட்டுகிற அங்கீகாரம் பெரும்பாலும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவாக இருக்கும். அது பொய்ப் பதிவு அல்ல. தொழிற்பயிற்சி நிலையம் நடத்த அந்தப் பதிவு வேண்டும்தான். ஆனால் நிலையம் பதியப்பட்டது என்பதால் பிள்ளை தாதியாகிவிட மாட்டாள். என்விக்யூ என்கிற தேசிய தொழிற் தகைமை அந்தப் படிப்புக்கு உண்டா, எத்தனையாம் மட்டம் என்றும் கேட்க வேண்டும். 3, 4 மட்டங்கள் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். என்விக்யூ 4 உள்ள உதவித் தாதி தனியார் கிளினிக்கில் வேலை செய்யலாம், நல்ல வேலையும் செய்யலாம். அவள் பதிவுபெற்ற தாதி இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் நோட்டீஸ் அடிக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் தாய் தோட்டை அடகு வைத்துக் கட்டினா. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். படித்து முடித்த பிள்ளை இப்போது ஒரு மருந்துக்கடையில் காசாளராக நிற்கிறாள். மிகக் கெட்டிக்காரி. ஊசி போடவும் காயம் கட்டவும் தெரியும். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

6 மே, பின்னேரம்

மேலே எழுதியதை வாசித்த ஒருவர், இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்டார். காரணம் இருக்கிறது.

2009 இல், போர் முடிகிற காலம், நான் பத்தாம் வகுப்பு. அம்மாவின் கையில் எறிகணைச் சிதறல் பட்டு, புதுமாத்தளன் பாடசாலையில் இயங்கிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், காயக்காரர் தரை முழுக்க. அம்மாவின் காயத்தைத் துப்பரவாக்கிக் கட்டியவர் ஒரு இளம் பெடியன். அன்றைக்கு எனக்குத் தெரியாது, இப்போது இத்தனை வருடம் வாட்டில் வேலை செய்த பிறகு சொல்கிறேன், அவ்வளவு நேர்த்தியான கட்டு. அம்மாவின் கை இன்றும் வேலை செய்கிறது.

பல வருடம் கழித்து அவரைக் கிளிநொச்சியில் கண்டேன். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பயிற்சிக்கு வெளியே காட்டக்கூடிய சான்றிதழ் எதுவும் இல்லை. வன்னியில் இப்படி எத்தனை கைகள் பேசாமல் மண்வெட்டி பிடித்தன என்பது எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும். போர் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. வழி இருக்கும்போது ஒரு பிள்ளையைக் காசும் கட்டிப் பதிவில்லாத படிப்புக்கு அனுப்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

9 மே

தகப்பனின் பதில்: "தங்கச்சி, நோட்டீஸை விட்டுவிட்டேன். கம்பஸ் கதையைச் சொல்லுங்கள்."

சரி. பல்கலைக்கழக அனுமதி விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு இப்படித்தான் நடக்கிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத இசட் புள்ளியில் (அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கிடைக்கலாம்.

ரியூசன் மாஸ்டர் சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தை மட்டும் சொன்னது எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இணை சுகாதார விஞ்ஞானம் இருக்கிறதே. தாதியியல், மருந்தியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மூன்றும் நாலு வருடப் பட்டங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியியல் உண்டு. இயன்மருத்துவம் வேண்டுமென்றால் பேராதனை, கொழும்பு. அதாவது "பட்டமா, தொழிலா" என்ற கேள்விக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற ஒரு விடையும் இருக்கிறது. அதை ஏன் ஒருவரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை?

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்குதான் உயிர். புள்ளி எட்டுகிற பாடநெறிகளில் மேலே எதைப் போட்டிருக்கிறீர்களோ அதுதான் கிடைக்கும். கிடைக்காது என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே போடாதீர்கள். மேலே போட்டுக் கிடைக்காவிட்டால் ஒரு நட்டமும் இல்லை, அடுத்ததைப் பார்ப்பார்கள். கீழே போட்டால், புள்ளி இருந்தும் கிடைக்காமல் போகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் முந்தின வருட வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாக இருக்கிறது. முல்லைத்தீவு நிரலில் விரலை வைத்து மகளோடு இருந்து பாருங்கள். மாஸ்டரிடம் விட வேண்டாம்.

10 மே

மறந்துபோனேன். ஒரு பாடநெறிக்குப் பதிந்துவிட்டால் அடுத்த வருடம் திரும்ப எழுதி வேறொன்றுக்கு மாறலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பதிந்தவருக்கு மறுபடி அனுமதி இல்லை. பதிய முன் யோசியுங்கள்.

14 மே

"2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இருந்ததை மறந்துவிட்டீர்களா, அப்படியிருக்கக் கம்பஸுக்கு ஏன் அனுப்ப வேண்டும்" என்று வவுனியாக்காரர் ஒருவர்.

மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் கொட்டகை போட்டு இருந்தார்கள். என் தங்கையின் மேல்வகுப்பு அக்காமார் அங்கே இருந்தார்கள். தங்கை பட்டம் முடித்து வீட்டில் இருந்த காலம் எங்கள் எல்லோருக்கும் பாரமான காலம். ஒவ்வொரு நேர்முகப் பரீட்சைக்கும் சான்றிதழ்களைப் படப்பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, சாரி உடுத்துப் போய்வருவாள். கடைசியில் பட்டதாரிப் பயிலுநராக, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு, ஒரு பிரதேச செயலகத்தில் சேர்ந்தாள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர். தாவரவியலை விரும்பிப் படித்தவள், இப்போது உதவித்தொகைக் கோவைகள் பார்க்கிறாள்.

ஆனால் இதை வைத்து கம்பஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் பேசுகிற விதம் மாறியது. கூட்டத்தில் எழும்பி நின்று அதிகாரியிடம் கேள்வி கேட்கிறாள். நான் வாட்டில் பல வருடம் நின்றும் மேலதிகாரி முன் வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன், திறந்த பல்கலைக்கழகம் போன பிறகுதான் அது மாறியது. படிப்பு தருகிற அந்தத் துணிவுக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை, வாழ்க்கையில் இருக்கிறது.

17 மே

சம்பளம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ரூபாய் ஆக்கினார்கள், கட்டம் கட்டமாகத் தருகிறார்கள். தாதியரின் அடிப்படை அதைவிட மேலே. அதோடு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு. பலருடைய வீடு அந்த மேலதிக நேரத்தில்தான் ஓடுகிறது. எண்ணை மட்டும் பார்க்காமல் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள்: இரவு, தைப்பொங்கல், தீபாவளி, பிள்ளையின் பாடசாலை விளையாட்டுப் போட்டி.

12 ஜூன்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்தேன். அங்கே முதலுதவிக் கொட்டகையில் நின்ற பிள்ளைகளோடு கதைத்ததில் இந்த இழையில் தொடாத ஒன்று ஞாபகம் வந்தது.

குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் என்போம். பயிற்சி 18 மாதம், ஒரு வருடம் தாதியர் கல்லூரியில், மிகுதி களத்தில். பெண்கள் மட்டும். உயர்தரம் எழுதிய பிள்ளைகள் இதைத் தரம் குறைந்தது என்று நினைக்கிறார்கள். வன்னியில் ஒரு கிராமத்துக்கு யார் இல்லாவிட்டால் முதலில் தெரியும் என்று என்னைக் கேட்டால் மிட்வைஃப் என்றுதான் சொல்வேன். ஸ்கூட்டியில் சேறு தாண்டி வீடு வீடாகப் போகிறவர். கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறுவதை எங்களுக்கு முன் கண்டுபிடிக்கிறவர். குழந்தையின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் குறித்துக் கோடு கீழே போனால் தாயிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவர், திரிபோஷாச் சத்துமா கிடைத்ததா என்று பார்க்கிறவர். இந்த நாட்டில் பிரசவ மரணம் இவ்வளவு குறைந்ததற்கு ஊர் ஊராக நடந்த இந்தப் பெண்கள் பெரிய காரணம்.

மலேரியாவும் அப்படித்தான். வன்னிக் காய்ச்சல் என்றால் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தார் இந்தப் பக்கம் வரவே பயப்படுவார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதைச் சாதித்தவர்களில் பெரும்பகுதி நுணுக்குக்காட்டியில் இரத்தப் பூச்சைப் பார்த்த தொழில்நுட்பவியலாளரும் புகையும் மருந்தும் அடித்த களப் பணியாளரும். பட்டதாரிகள் அல்ல, பயிற்சி பெற்றவர்கள்.

13 ஜூன்

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: "எனக்கும் உயிரியல்தான். பெடியன்கள் என்ன செய்வது?"

தாதியர் பயிற்சிக்கு ஆண்களையும் எடுக்கிறார்கள், ஆனால் மிகச் சிறிய பங்கு. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் தம்பி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையைப் பாருங்கள், அதுவும் வர்த்தமானியில்தான் வரும், பயிற்சிக்குக் களுத்துறைக்குப் போக வேண்டி வரலாம். ஆய்வுகூடம், கதிர்ப்படம், இயன்மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. இயன்மருத்துவத்தை நான் அழுத்திச் சொல்வேன். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, கால் இழந்து, பக்கவாதம் வந்து, இந்த மாவட்டங்களில் எத்தனை பேர் கட்டிலோடு இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை எழுப்பி இருத்துகிற ஆள் ஒருவர் ஊரில் இருந்தால் அந்த வீட்டுக்கே விடிவு.

உயர்தரம் சரிவரவில்லை, சுகாதாரத்திலும் ஆசையில்லை என்றால் அறிவியல்நகர் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தை மறக்க வேண்டாம். வாகனம், மின், கட்டடம், உணவு என்று பல துறைகள். அங்கே படித்தவர்கள் வேலையோடு இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

21 ஜூன்

தனிச் செய்தியில் ஒரு தாய் எழுதினா. மகள் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டாள், பராமரிப்பாளர் பயிற்சி என்விக்யூ 3 படிக்கலாமா என்று. படிக்கட்டும். அரச தொழிற்பயிற்சி நிலையத்தில் கிடைத்தால் அங்கேயே படிக்கட்டும், செலவு குறைவு. நான் முன்பு கண்டித்தது பராமரிப்பாளர் படிப்பை அல்ல, அதைத் தாதியர் படிப்பு என்று பெயர் மாற்றி விற்பதை. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கற்பித்தால் அது நல்ல தொழில். பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள், அவர்களைக் குளிப்பாட்டித் திருப்பிப் படுக்க வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி எங்களிடம் வந்து கேட்கிறார்கள். படுக்கைப்புண் வராமல் ஒருவரைப் பல மாதம் வைத்திருப்பது சின்ன வேலை அல்ல. அந்தப் புண்ணுக்கு வாட்டில் மருந்து கட்டுகிற எனக்கு அதன் அருமை தெரியும்.

24 ஜூலை

லண்டனில் பராமரிப்பு வேலைக்கு விசா எடுத்துத் தருகிறோம் என்று இன்னும் சில முகவர்கள் வன்னியில் திரிகிறார்களாம். கேளுங்கள்: 2025 ஜூலை 22ஆம் திகதியிலிருந்து பிரித்தானியா வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளரை எடுப்பதை நிறுத்திவிட்டது. காசு கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே பொலிசுக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் போங்கள்.

பதிவுபெற்ற தாதிக்கு அந்தக் கதவு மூடவில்லை. ஆங்கிலப் பரீட்சை, அவர்களுடைய தாதியர் சபையின் பரீட்சைகள் எல்லாம் எழுத வேண்டும், ஆனால் வழி இருக்கிறது. ஒரே வாட்டில் ஒரே நோயாளியைப் பார்க்கிற இரண்டு பேருக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேறு விதி. பதிவேடு பதிவேடு என்று மே மாதத்திலிருந்து நான் கத்துவது இதற்காகத்தான்.

ஜெர்மனி கேட்டவர்களுக்கு: அங்கே தாதியர் தொழிற்பயிற்சி மூன்று வருடம், படிக்கும்போதே சம்பளம் தருகிறார்கள். மொழி பி1 அல்லது பி2 மட்டம் வேண்டும். மொழிதான் மலை, அதை ஏறாமல் முகவரிடம் போக வேண்டாம்.

போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு என்னோடு படித்தவர்கள் பலர் போய்விட்டார்கள். அவர்களுடைய கடன் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் விட்டுப்போன இரவுகளை நாங்கள்தான் நிரப்புகிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

25 ஜூலை

"இரவுக் கடமை செய்கிற பெண்ணைக் கட்டிக்கொடுப்பது கஷ்டம்" என்று எழுதியவருக்கு. என் கல்யாணப் பேச்சிலும் இது வந்தது. ஒரு வீட்டார் கம்பஸ் படித்த பிள்ளை என்றால் பார்க்கலாம் என்றார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டா. பிறகு நல்ல மனிதர் வந்தார். நான் இரவுக்குப் போனால் காலையில் இடியப்பமும் சொதியும் அவர் கையால். பெண்பிள்ளையின் படிப்பை வரப்போகிற வீட்டாரின் வாய்க்குப் பயந்து தீர்மானிக்காதீர்கள். அப்படித் தீர்மானித்தும் கைவிடப்பட்ட பெண்களை வாட்டில் நிறையக் காண்கிறேன்.

2 ஆகஸ்ட்

ஓர் ஆசிரியர் நீளமாக மறுத்திருக்கிறார். வன்னிப் பிள்ளைகள் எல்லோரையும் நான் தாதியாக்கப் பார்க்கிறேனாம், விஞ்ஞானிகள் நமக்கு வேண்டாமா என்கிறார். இரண்டு நாள் மனதில் கிடந்தது.

வேண்டும் சேர். சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தையே எடுங்கள். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. வயல் செய்கிற நடுவயது ஆண்கள், முந்தி நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்கள், குருதி சுத்திகரிப்புக்கு வந்து நிற்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரா, உரமா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா, பல காரணங்களை ஆராய்கிறார்கள். நான் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கலாம், அந்தக் கிணற்றைப் போய்ச் சோதிக்க எனக்குத் தெரியாது. அதைப் படித்த ஒரு பிள்ளை வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவிலிருந்து வரட்டும், கும்பிட்டு வரவேற்பேன். ஆனால் அந்தப் பிள்ளை தண்ணீரில் ஆசைப்பட்டுப் போனதாக இருக்க வேண்டும். கிடைத்தது என்பதற்காக மட்டும் போன பிள்ளை நாலு வருடம் கழித்து என் தங்கையைப் போல வேறு மேசையில்தான் இருக்கும்.

அண்ணை, இவ்வளவு எழுதிவிட்டோம், மகளைக் கேட்டீர்களா?

5 ஆகஸ்ட்

தகப்பன் எழுதுகிறார்: "கேட்டேன் தங்கச்சி. ஆய்வுகூடம்தான் விருப்பமாம். அப்பம்மாவுக்கு டெங்கு வந்தபோது இரத்தம் எடுத்துப் பிளேட்லெட் எண்ணிச் சொன்ன ஆளைப் பார்த்ததிலிருந்து ஆசையாம். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ஆய்வுகூட விஞ்ஞானம் முதலாவது, மருந்தியல், தாதியியல் அடுத்தது, சுற்றுச்சூழல் அதன் கீழே போட்டிருக்கிறாளாம். உங்கள் எழுத்தை அவளே இந்த இழையில் வாசித்துத்தான் போட்டாளாம்."

அண்ணை, இரவு இரண்டு மணிக்கு வாட்டில் இருந்து இதை வாசித்துச் சந்தோஷப்பட்டேன்.

மகளுக்கு நேரடியாக: பிள்ளை, ஒழுங்கு சரியாகப் போட்டிருக்கிறாய். வெட்டுப்புள்ளி வரும்வரை வீட்டில் இருக்காதே. எது கிடைத்தாலும் ஆங்கிலம் வேண்டும், கம்பஸில் விரிவுரை ஆங்கிலம். சிங்களமும் பழகு. முதல் நியமனம் தெற்கில் எங்கேயும் வரலாம், நோயாளி தன் மொழியில் நோவைச் சொல்லும்போது விளங்காமல் நிற்பது பெரிய துன்பம். நான் அதைப் பட்டிருக்கிறேன், அநுராதபுரத்து அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துச் சொல் சொல்லாகக் கற்பித்தார்.

தாதியர் பயிற்சி வர்த்தமானி வந்தால் அதையும் வரிக்கு வரி வாசி. வயது, ஒரே அமர்வில் மூன்று சித்தி, உடல் தகுதி, கம்பஸில் பதிந்திருப்பவர் விண்ணப்பிக்கலாமா என்பது, எல்லாம் அதில் இருக்கும். வாய்வார்த்தையை நம்பாதே, என்னுடையதையும் சேர்த்து அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்.

6 ஆகஸ்ட்

மல்லாவித் தம்பிக்கு: சிங்கள வகுப்பு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், மொழி வகுப்பு நடந்தால் அங்கே தெரியும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி பழையதாக இருந்தால் அதே பயணத்தில் புதுப் பிரதிக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். போரில் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்களில் பெயரின் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். அடையாள அட்டையிலும் உயர்தரப் பெறுபேற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்தம் செய்ய மாதங்கள் எடுக்கும், விண்ணப்ப முடிவுத் திகதி காத்திருக்காது.